கடிகை இருந்த காஞ்சி

காஞ்சிபுரம் வருகிறவர்கள் நாலு கோயில், ஒரு பட்டுக்கடை என்று சுற்றிவிட்டுப் பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். உங்களுக்கு முழுசாக ஒரு நாள் வாய்த்தால், வெளிதேசத்துப் பிள்ளைகள் தேடி வந்து படித்த ஊராகவும் இதைப் பார்த்துவிட்டுப் போங்கள். பல்லவர் காலத்தில் இங்கே கடிகை என்ற உயர்கல்விச் சாலை இருந்தது. கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்துத் தாளகுந்தாவிலிருந்து மயூரசர்மன் தன் குரு வீரசர்மனோடு வேதம் படிக்க இங்கே வந்தான். பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு தகராறு முற்றியதில் படிப்பை விட்டு வாளெடுத்தான். கதம்ப அரசு அப்படித்தான் பிறந்தது என்கிறது 5ஆம் நூற்றாண்டுத் தாளகுந்தா கல்வெட்டு.

கடிகைக் கட்டடம் எதுவும் இன்று இல்லை. ஆனால் அதன் பெயரை இரண்டு கோயில்களில் கல்லிலேயே பார்க்கலாம்.

சென்னையிலிருந்து சுமார் 75 கி.மீ. பஸ் அடிக்கடி உண்டு; கடற்கரை ஸ்டேஷனிலிருந்து செங்கல்பட்டு வழியாக மின்சார ரயிலும் வருகிறது. மதியம் நடை சாத்தினால் மாலை நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள் என்பதால் காலையிலேயே வந்துவிடுங்கள்.

வந்ததும் ஆட்டோ பிடித்து நேராக ஊரின் மேற்குக் கோடியிலுள்ள கைலாசநாதர் கோயிலுக்குப் போங்கள். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ அரசன் ராஜசிம்மன் எழுப்பியது. அவனே கடிகையையும் சீர்ப்படுத்தினான் என்று வேலூர்பாளையம் செப்பேடு சொல்கிறது. முன்மண்டபத் தூண் ஒன்றின் பின்பக்கம் பழங்கன்னட எழுத்து இருக்கிறது. கண்ணில் படாவிட்டால் அங்குள்ள தொல்லியல் துறைப் பணியாளரைக் கேளுங்கள். காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன், இந்தக் கோயில் செல்வத்தைப் பார்த்துவிட்டு, எடுத்துப் போகாமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்த செய்தி அது. முடிவில் ஒரு சாபம். நம் பிற்காலக் கல்வெட்டுகளில் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் என்று வருமே, அந்த இடத்தில் இங்கே, இந்த எழுத்தை அழிப்பவன் இவ்வூர்க் கடிகையாரைக் கொன்றவர்கள் போகும் உலகத்துக்குப் போவான் என்று இருக்கிறது. படையெடுத்து வந்த எதிரி ராஜாவுக்கே இந்த ஊர்ப் படித்தவர்களைக் கொல்வது அவ்வளவு பெரிய பாவமாகத் தெரிந்திருக்கிறது. காஞ்சியில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் நான் இந்தத் தூணைத்தான் சொல்வேன். மணற்கல், கை வைக்காதீர்கள்.

பக்கத்திலேயே பிள்ளையார்பாளையம். தெருவில் நடந்தாலே தறிச்சத்தம் கேட்கும். வீட்டுக்காரர்களைக் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பாருங்கள். கோர்வைச் சேலை நெய்யும் தறி என்றால் ஓரத்துக்குத் தனி நாடா ஓட்ட இன்னொருவர் உட்கார்ந்திருப்பார்.

மதியம் சாப்பாட்டுக்கு மிளகும் சுக்கும் மணக்கிற காஞ்சிபுரம் இட்லி. பிறகு ஏகாம்பரநாதர் கோயில் வெளிமதிலை ஒரு நடை பார்த்து வாருங்கள். புத்தர் உருவங்கள் பதிந்திருக்கின்றன. 640ஆம் ஆண்டு வாக்கில் வந்த சீன யாத்ரிகர் யுவான் சுவாங், இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட விகாரைகளும் பத்தாயிரம் பிக்குகளும் இருந்ததாக எழுதினார். நாளந்தா பௌத்தக் கல்விச்சாலையின் தலைவராயிருந்த தர்மபாலர் இந்த ஊர்க்காரர். யுவான் சுவாங்குக்கு அங்கே பாடம் சொன்ன சீலபத்திரர், தர்மபாலரின் மாணவர்.

மாலையில் வைகுந்தப் பெருமாள் கோயில். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். சிங்கத்தூண் வரிசைக்குப் பின்னால், திருச்சுற்றுச் சுவரில் பல்லவர் வரலாறு சிற்பமாக ஓடுகிறது. வாரிசில்லாமல் அரசு தவித்தபோது, இரணியவர்மனின் 12 வயதுப் பிள்ளை அரசனாக வந்த கதையைச் சிற்பத்தோடு உள்ள கல்வெட்டு சொல்கிறது. அவனைத் தேர்ந்தவர்களில் கடிகையாரும் உண்டு. பல இடங்களில் கல் மழுங்கியிருக்கிறது, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் உருவங்கள் துலங்கும். அப்படி அரசனாக வந்த பிள்ளைதான் நந்திவர்மப் பல்லவமல்லன். இந்தக் கோயிலைக் கட்டியவனும் அவனே.

கடிகையில் வடமொழி என்றால் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம். 1837இல் சென்னையில் பள்ளி தொடங்கிய ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜான் ஆண்டர்சன் பெயரில் இங்கே ஒரு மேல்நிலைப்பள்ளி இன்றும் நடக்கிறது. பச்சையப்பர் பள்ளியும் இருக்கிறது. நெசவாளர் வீட்டுப் பிள்ளையான அண்ணா படித்தது அதில்தான். 1968இல் யேல் பல்கலைக்கழகம் அவரைச் சப் ஃபெல்லோ (Chubb Fellow) என்ற சிறப்பு விருந்தினராக அழைத்தது. இரண்டும் நடக்கிற பள்ளிகள். வகுப்பு நேரத்தில் வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே போக வேண்டுமென்றால் முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.