ஜி-சிங்க் ஸ்டிக்கருக்கு 8,000 ரூபாய் கூடக் கொடுக்கலாமா?

இன்னைக்கு மியூச்சுவல் ஃபண்டும் இல்லை, டேர்ம் இன்ஷூரன்ஸும் இல்லை. மானிட்டர். பணத்தைப் பத்திப் பேசுற இடத்துல மானிட்டருக்கு என்ன வேலைன்னு கேக்காதீங்க. சம்பளம் வாங்க ஆரம்பிச்ச முதல் ரெண்டு வருஷத்துல நம்ம பசங்க ஈஎம்ஐ போட்டு வாங்குற சாமான்ல போனுக்கும் பைக்குக்கும் அடுத்தது இதுதான்.

போன மாசம் பத்தமடையில சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி பையன் ஒரு பெங்களூர் கம்பெனிக்கு வீட்டுல இருந்தே வேலை பார்க்கிறான். கைக்கு வர்ற சம்பளம் 28,000. அதுல படிப்புக் கடன் 6,000 போயிடும். அவசரத்துக்குன்னு தனியா எடுத்து வச்ச பணம்? இல்லை. ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் மெல்ல ஆரம்பிச்சான்.

"அண்ணே, ஒரு மானிட்டர் பாத்து வச்சிருக்கேன். 22,000. நோ காஸ்ட் ஈஎம்ஐ இருக்கு. வாங்கிறட்டுமா?"

பக்கத்துலயே அதே 24 இன்ச், அதே 144 ஹெர்ட்ஸ், 14,000-க்கு இருந்திருக்கு. அது ஏன் வேண்டாம்னு கேட்டேன். கடையில சொன்னாங்களாம்: "உங்க கிட்ட இருக்கிறது என்விடியா கார்டு. ஜி-சிங்க் போட்டதுதான் எடுக்கணும். ஃப்ரீசிங்க் மானிட்டர் ஏஎம்டி கார்டுக்கு மட்டும்தான் ஓடும்."

இந்த வாக்கியம் 2018 வரைக்கும் உண்மை. இன்னைக்கு உண்மை இல்லை. கடைக்காரர் பொய் சொன்னார்னு நான் நினைக்கல, பழைய பாடத்தையே ஒப்பிச்சிருக்கார். ஆனா அந்தப் பழைய பாடத்தோட விலை 8,000 ரூபாய்.

முதல்ல, இந்த சிங்க்னா என்ன?

60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு நொடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும். அதாவது 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை, கடிகாரம் மாதிரி. கிராஃபிக்ஸ் கார்டு அப்படி இல்லை. சும்மா சுவரைப் பார்த்து நின்னா நொடிக்கு 90 படம் வரைஞ்சு தரும், நாலு பேர் ஒரே நேரத்துல குண்டு போட்டா 50-க்கு இறங்கிடும். ரெண்டுக்கும் தாளம் ஒத்துப்போகாது. மானிட்டர் பாதிப் படத்தை வரைஞ்சிட்டு இருக்கும்போது புதுப் படம் வந்தா, மேல் பாதி பழசு, கீழ்ப் பாதி புதுசுன்னு திரை குறுக்கால கிழிஞ்ச மாதிரி தெரியும். இதைத் தடுக்க வி-சிங்க்னு பழைய வழி ஒண்ணு உண்டு. கார்டை மானிட்டருக்காகக் காத்திருக்க வைக்கும். கிழிசல் போயிடும், பதிலுக்குத் திக்கல் வரும், மவுஸை அசைச்சா கை ஒரு இடத்துல, படம் ஒரு இடத்துல.

டவுன் பஸ்ஸையும் ஷேர் ஆட்டோவையும் நினைச்சுக்கோங்க. பஸ் நேரத்துக்குக் கிளம்பிடும், நீங்க ஒரு காலை மட்டும் படியில வச்சிருந்தாலும் சரி. ஷேர் ஆட்டோ ஆள் ஏறினதும்தான் கிளம்பும். இந்த அடாப்டிவ் சிங்க் வகையறா எல்லாமே மானிட்டரை ஷேர் ஆட்டோவா மாத்துறதுதான். படம் எப்ப தயாரோ அப்பதான் திரை புதுப்பிக்கும். ஆனா ஆட்டோக்காரர் எவ்வளவு நேரம் காத்திருப்பார்னு ஒரு எல்லை இருக்கு. மானிட்டர்ல அதைத்தான் 48 முதல் 144 ஹெர்ட்ஸ்னு வரம்பா எழுதியிருப்பாங்க. இந்த வரம்பை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

இப்ப ரெண்டு கம்பெனி கதைக்கு வருவோம்.

2013 அக்டோபர்ல என்விடியா ஜி-சிங்க்கை அறிவிச்சாங்க. வழி நல்ல வழி, ஆனா தனிவழி. மானிட்டருக்குள்ள என்விடியா தர்ற ஒரு தனிப் பலகை இருக்கணும். அதுல விலை கூடுன ஒரு சிப், தனி மெமரி. 2014-ல ஒரு குறிப்பிட்ட ஆசுஸ் மானிட்டருக்கு மட்டும் இந்தப் பலகையைத் தனியா வித்தாங்க, 199 டாலர். அன்னைய மதிப்புல 12,000 ரூபாய்க்கு மேல. அந்தக் காலத்து ஜி-சிங்க் மானிட்டர்ல ஏஎம்டி கார்டைச் சொருகினா படம் தெரியும், சிங்க் மட்டும் வேலை செய்யாது. அதாவது மானிட்டர் வாங்கும்போதே அடுத்த கார்டும் எந்தக் கம்பெனின்னு முடிவாயிடுது.

ஏஎம்டி வேற பக்கம் பார்த்தாங்க. லேப்டாப் திரைகள்ல பேட்டரியை மிச்சப்படுத்த, புதுப்பிக்கிற வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு ஏற்பாடு 2009-லயே இருந்துச்சு. அதை மேசை மானிட்டருக்கும் கொண்டு வரலாமேன்னு, திரைகளுக்கான பொதுத் தரங்களை வகுக்கிற வெசா அமைப்புகிட்ட கேட்டாங்க. 2014 மே மாசம் அடாப்டிவ்-சிங்க்ங்கிற பேர்ல டிஸ்ப்ளேபோர்ட் 1.2ஏ தரத்துல அது சேர்ந்துச்சு. ராயல்டி கிடையாது, யாரும் போடலாம். அது மேல ஏஎம்டி வச்ச பேர்தான் ஃப்ரீசிங்க். மானிட்டர்கள் 2015 மார்ச்ல கடைக்கு வந்தாச்சு.

இங்க ஒரு நுணுக்கம். பேர்ல 'ஃப்ரீ' இருக்குன்னு ஃப்ரீசிங்க்கே பொதுச்சொத்துன்னு நினைச்சுடாதீங்க. அது ஏஎம்டியோட வியாபாரப் பேர். பொதுவானது அடிப்படையில இருக்கிற அடாப்டிவ்-சிங்க். பின்னாடி எச்டிஎம்ஐ வழியா ஃப்ரீசிங்க்னு ஒண்ணு கொண்டு வந்தாங்களே, அது ஏஎம்டி தானே செஞ்சுக்கிட்ட தனி ஏற்பாடு. நல்லவன் கெட்டவன் கதை இல்லை இது.

அஞ்சு வருஷம் இப்படியே ஓடுச்சு. பொது வழியில மானிட்டர்கள் நூத்துக்கணக்குல பெருகிடுச்சு, தனி வழியில விலையும் இறங்கல, எண்ணிக்கையும் கூடல. கடைசியா 2019 ஜனவரி 15-ல வந்த டிரைவர்ல என்விடியா கதவைத் திறந்தாங்க. ஜிடிஎக்ஸ் 10 வரிசையும் அதுக்கு அப்புறம் வந்த கார்டுகளும் சாதாரண அடாப்டிவ்-சிங்க் மானிட்டர்லயே வேலை செய்யும். தாங்களே சோதிச்சுத் தேறினதுக்கு 'ஜி-சிங்க் கம்பேட்டிபிள்'னு ஒரு முத்திரை. 400 மானிட்டரைச் சோதிச்சதுல முதல்ல தேறினது 12-ன்னு சொன்னாங்க. தேறாததுலயும் டிரைவர் செட்டிங்க்ல போய் நாமளே ஆன் பண்ணிக்கலாம். 2024 ஆகஸ்ட்ல, தனிப் பலகையே இல்லாம மீடியாடெக் தயாரிக்கிற வழக்கமான மானிட்டர் சிப்புக்குள்ளயே முழு ஜி-சிங்க்கையும் சேர்க்கப்போறதா அறிவிச்சாங்க.

நம்ம ஊர்ல இதே கதையைப் பணத்துல பார்த்திருக்கோம். ஒரு வாலட்ல இருக்கிற காசை இன்னொரு கம்பெனி வாலட்டுக்கு அனுப்ப முடியாத காலம் ஒண்ணு இருந்துச்சு. 2016 ஏப்ரல்ல யுபிஐ வந்துச்சு, எந்த ஆப்ல இருந்தும் எந்த வங்கிக்கும் போகலாம்னு ஆச்சு. முழு கேஒய்சி முடிச்ச வாலட்டுகளும் பொது வழியில சேரணும்னு ரிசர்வ் வங்கி 2022 மார்ச் 31 கெடு வச்சாங்க.

சரி, நம்ம பையன் விஷயம். அவன் ஆசைப்பட்ட 22,000 மானிட்டரோட படத்தைப் போன்ல பெருசு பண்ணிப் பார்த்தேன். டப்பாவுல இருந்தது 'ஜி-சிங்க் கம்பேட்டிபிள்'. தனிப் பலகை எதுவும் இல்லை. உள்ள ஓடுறது அதே அடாப்டிவ்-சிங்க்! 14,000 மானிட்டர்லயும் அதேதான். வித்தியாசம், ஒண்ணு தேர்வு எழுதி முத்திரை வாங்கினது, இன்னொண்ணு வாங்காதது. (22,000-க்கு ஸ்டாண்டு ஏறி இறங்கும். அது நல்ல விஷயம்தான், கழுத்துக்கு நல்லது.)

இதைச் சித்திக்குப் புரிய வைக்கிறது சுலபமா இருந்துச்சு. சித்தி பாய் நெய்றவங்க. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கு. ஆனா பத்தமடைப் பாய்ன்னு வாங்குற எல்லாமும் ஒரே பாய் இல்லை. ஆத்துத் தண்ணியில கோரையை ஊற வச்சு, அதை எவ்வளவு மெல்லிசா கிழிக்கிறாங்க, பாவு நூல் எவ்வளவு நெருக்கம், இதுலதான் சாதாரணப் பாயும் பட்டுப்பாயும் பிரியும். விலையும் அங்கதான் பல மடங்கு மாறும். "பேரைப் பாத்து வாங்குனா எப்படி? பாயைத் திருப்பிப் பாத்தாத்தான தெரியும்" அப்படின்னாங்க சித்தி.

அதுக்காக முத்திரையே வீண்னு சொல்ல வரல. ஆரம்பகால ஃப்ரீசிங்க் மானிட்டர் பலதுல வரம்பு ரொம்பக் குறுகலா, 48 முதல் 75 ஹெர்ட்ஸ்னு இருந்துச்சு. கேம் 45-க்கு இறங்கினா சிங்க் கழண்டுக்கும், கிழிசல் திரும்ப வந்துடும். சிலதுல திரை மினுக்கும். ஜி-சிங்க் பலகை போட்டதுல இந்தத் தொல்லை குறைவு, அந்தக் கூடுதல் காசுக்கு ஒரு அர்த்தம் இருந்துச்சு. இப்பவும் முத்திரைன்னா யாரோ ஒருத்தர் உட்கார்ந்து சோதிச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

ஆனா அந்தச் சோதனையில முக்கியமானதை நாமளே காகிதத்துல பார்த்துடலாம். வரம்போட மேல் எண், கீழ் எண்ணைப் போல ரெண்டரை மடங்காவது இருக்கான்னு பாருங்க. இருந்தா, வேகம் கீழ இறங்கும்போது ஒரே படத்தை ரெண்டு தடவை காட்டிச் சமாளிக்கிற எல்எஃப்சி வசதி வேலை செய்யும். 48-க்கு 144 மூணு மடங்கு, பாஸ். 48-க்கு 75, ஃபெயில். 'ஃப்ரீசிங்க் பிரீமியம்'னு போட்டிருந்தா எல்எஃப்சி கட்டாயம் இருக்கும். மினுக்கல் மட்டும் காகிதத்துல தெரியாது. அதுக்கு அதே மாடலோட ரெண்டு மூணு ரிவ்யூ பார்க்கணும், அல்லது திருப்பிக் கொடுக்கிற வசதி உள்ள இடத்துல வாங்கணும். தம்பி பார்த்து வச்சிருந்த 14,000 மானிட்டர் 48 முதல் 144. ரிவ்யூக்கள்லயும் பெரிய குறை இல்லை.

இப்ப காசுக் கணக்கு.

22,000-ஐ 12 மாச நோ காஸ்ட் ஈஎம்ஐ போட்டா மாசம் 1,833. பேர்ல காஸ்ட் இல்லை, ஆனா வட்டி இருக்கு. கிரெடிட் கார்டுல ஜீரோ பர்சன்ட் திட்டங்கள் கூடாதுன்னு 2013-லயே ரிசர்வ் வங்கி சொல்லிட்டாங்க. அதனால வட்டித் தொகையை முன்கூட்டியே தள்ளுபடியா கழிச்சுட்டு, அப்புறம் வங்கி அதை வட்டியா வாங்கிக்கும். ஆண்டு வட்டி 15 சதவீதம்னு வச்சுக்கிட்டா வட்டி சுமார் 1,690. அதை விக்கிறவங்க தள்ளுபடியில சரிக்கட்டிடுவாங்க, ஆனா அந்த வட்டி மேல வர்ற 18 சதவீத ஜிஎஸ்டி, 304 ரூபாய், உங்க தலையில. பிராசஸிங் கட்டணம் 199-ம் அதுக்கு வரியும் சேர்த்தா 235. ஆக மொத்தம் 540 ரூபாய் கிட்ட. பெரிய தொகை இல்லைதான். ஆனா முழுப் பணம் கட்டினா கிடைக்கிற கார்டு தள்ளுபடி ஈஎம்ஐக்கு இருக்கான்னும் பாருங்க, பல சமயம் இருக்காது.

(மானிட்டர் மேலயே வர்ற ஜிஎஸ்டி, 32 இன்ச் வரைக்கும் 2019-லிருந்தே 18 சதவீதம்தான். அதுக்கு மேல இருந்த 28, 2025 செப்டம்பர் 22-லிருந்து 18 ஆகிடுச்சு. 'வரி குறைஞ்சிருக்கு, இப்ப விட்டா கிடைக்காது'ன்னு 24 இன்ச்சுக்கு யாராவது சொன்னா நம்பாதீங்க.)

மிச்சமாகுற 8,000-ஐ 7 சதவீத எஃப்டியில 6 வருஷம் போட்டா 12,000 ஆகும். நான் ஆறு வருஷம்னு சும்மா சொல்லல. மானிட்டர் நிதானமா அவ்வளவு காலம் உழைக்கும். கிராஃபிக்ஸ் கார்டை மூணு நாலு வருஷத்துல மாத்திடுவோம். விலையும் அதுக்குத்தான் கூட. அதனால மானிட்டர் எந்தக் கார்டோடயும் ஒத்துப்போகுதாங்கிறது, அடுத்த தடவை 30,000 ரூபாய் கார்டு வாங்கும்போது என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூணையும் விலை பேசலாமா இல்லையாங்கிற கேள்வி. செகண்ட் ஹேண்ட்ல 2014, 2015 காலத்து ஜி-சிங்க் மானிட்டர் சல்லிசா கிடைக்குதுன்னு பாய்ஞ்சுடாதீங்க, இந்தக் கணக்கையும் போட்டுட்டுப் போங்க.

யாருக்கு 22,000 சரி? அவசரகால நிதி ஆறு மாசத்துக்கு இருக்கு, கடன் இல்லை, ரிவ்யூ தேடி மண்டையைக் குழப்பிக்க நேரமில்லைன்னா முத்திரை உள்ளதையே எடுங்க, தப்பே இல்லை. வெறும் எக்செல்லும் யூடியூபும்தான்னா இந்த ரெண்டுமே வேண்டாம், அங்க கிழியிறதுக்கு ஒண்ணும் இல்லை.

தம்பி ரெண்டு மாசம் பொறுத்து, 14,000-ஐ முழுசா கட்டி வாங்கினான். வந்த அன்னைக்கு ராத்திரி பத்தரைக்கு போன்.

"அண்ணே, ஏமாந்துட்டோம்ணே. செட்டிங்க்ல ஜி-சிங்க் ஆப்ஷனே வரமாட்டுக்கு."

எந்த கேபிள் போட்டிருக்கேன்னு கேட்டேன். எச்டிஎம்ஐ. அவன் கார்டு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். இந்த மாதிரி மானிட்டர்ல என்விடியாவுக்கு டிஸ்ப்ளேபோர்ட் வழியாதான் இது கிடைக்கும். டப்பாவுல எச்டிஎம்ஐ கேபிள் மட்டும்தான் வந்திருக்கு. மறுநாள் திருநெல்வேலி போய் 450 ரூபாய்க்கு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வாங்கிட்டு வந்தான். மானிட்டர் மெனுவுல அடாப்டிவ்-சிங்க்கையும் ஆன் பண்ணச் சொன்னேன், நிறைய மாடல்ல அது ஆஃப்லதான் வரும். அஞ்சு நிமிஷத்துல ஆப்ஷன் வந்துடுச்சு. நீங்க வாங்கும்போது அந்த 450-ஐயும் பட்ஜெட்ல சேர்த்துக்கோங்க.