மலைமுடித் தீவுகள்

உலகத்து உயிர்கள் எல்லா இடத்தும் ஒருபடித்தாகப் பரவி வாழ்வதில்லை. ஒவ்வோர் உயிருக்கும் தனக்கென உரிய இடம் ஒன்று உண்டு. மன்னார் வளைகுடாவில் மீன் பிடித்து வாழும் பரதவர் இதனை நன்கு அறிவர். பாறைமீன்களை நாடுவோர், நீரின் அடியில் பாறைத்திட்டு இருக்கும் இடம் அறிந்து அங்கே தூண்டில் இடுவர்; மணற்பரப்பின்மேல் தூண்டிலிட்டுக் காத்திரார். கடல் ஒன்றே, நீரும் ஒன்றே, எனினும் மீன்கள் தத்தமக்கு ஏற்ற இடத்தையே பற்றி வாழ்கின்றன.

பண்டைத் தமிழர் இவ்வுண்மையைத் தெளிவாக உணர்ந்திருந்தனர். நிலத்தை ஐந்திணையாகப் பகுத்த இலக்கண நூலார், ஒவ்வொரு திணைக்கும் உரிய மரம், பூ, விலங்கு, பறவை முதலியவற்றைக் கருப்பொருள் எனப் பெயரிட்டு வகுத்தனர். புலியும் கரடியும் குறிஞ்சிக்கு உரியன என்றும், சுறா நெய்தலுக்கு உரியது என்றும் கூறினர். இன்ன நிலத்தில் இன்ன உயிர் வாழும் என்று கண்டது ஓர் அறிவு. ஏன் அங்கே மட்டும் வாழ்கிறது என வினவுவது அதற்கு அடுத்த படி. இவ்வினாவுக்கு விடை தேடும் துறையை உயிர்ப்பரவலியல் என்பர். அத்துறையைக் கற்பார்க்குத் தமிழகத்தில் பழனிமலைத் தொடர் சிறந்ததொரு பாடநூலாக விளங்குகின்றது.

மேற்குத் தொடர்ச்சி மலையினின்றும் கிழக்கு நோக்கி நீண்ட ஒரு கையே பழனிமலைத் தொடர். மேற்கில் அஃது ஆனைமலையோடு இணைந்து நிற்கின்றது. அதன் வடசரிவில் பெய்யும் மழை அமராவதியையும், தென்சரிவில் பெய்யும் மழை வைகையையும் சென்று சேரும். தொடரின் தலையாய முடியாகிய வந்தரவு, கடல்மட்டத்துக்கு மேல் 2,500 மீட்டருக்கும் மிகுதியான உயரம் உடையது. கோடைக்கானல் நகரம் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும் என்பர். ஆகவே அடிவாரத்தில் வெயில் கொளுத்தும் நாளிலும் மலைமேல் குளிர்காற்று வீசும். அடிவாரத்தில் முள்மரங்களும், இடைச்சரிவில் இலையுதிர் காடும், உச்சியில் என்றும் பசுமை மாறாச் சோலையும் உள்ளன. ஒரே பகலில் மலையேறுபவர், மூன்று நாடுகளைக் கடந்து செல்பவர் போலாவர்.

உச்சிநிலத்தின் அமைப்பு வியப்புக்குரியது. அங்கே மடிப்புகளிலும் நீரோடைக் கரைகளிலும் மட்டும் மரங்கள் நெருங்கி வளர்ந்திருக்கும். செண்பகமும் நாவலின் இனங்களும் தழைத்து, பாசியும் பெரணியும் மூடிய அவ்விடங்களைச் சோலை என்பது தமிழ் வழக்கு. அச்சொல்லையே ஆங்கிலேயரும் கடன் வாங்கினர். உலகின் அறிவியல் நூல்கள் இன்றும் அதனை அவ்வாறே வழங்குகின்றன. சோலைக்கு வெளியே, குன்றுகளின் முதுகெங்கும் புல்வெளி பரந்து கிடக்கும். பனிக்கால இரவுகளில் திறந்த வெளியில் விழும் உறைபனி இளமரக் கன்றுகளைக் கருக்கிவிடுகிறது; புல்லோ அதனைத் தாங்கி மீண்டும் துளிர்க்கின்றது. சோலையும் புல்வெளியும் தம்முள் எல்லை வகுத்துக்கொண்டு தொன்றுதொட்டு வாழ்தற்கு இஃது ஒரு காரணமாகும்.

இனி, ஒரு கற்பனை செய்து பார்த்தல் தகும். கடல்நீர் இன்றுள்ள மட்டத்தினின்றும் 1,500 மீட்டர் உயர்ந்துவிட்டது எனக் கொள்க. மதுரை, கோயம்புத்தூர், திருநெல்வேலி ஆகிய நகரங்கள் யாவும் நீரில் மூழ்கிவிடும். தென்னாட்டின் தென்மேற்கில் சில தீவுகள் மட்டுமே எஞ்சும். வடக்கே நீலகிரி ஒரு தீவாகும். அதற்குத் தெற்கே ஆனைமலையும் பழனிமலையும் சேர்ந்து ஒரு தீவாகும். மேலும் தெற்கே அகத்தியர் மலை முதலிய முடிகள் சிறு தீவுகளாகத் தோன்றும். உண்மையில் அங்கே நீர்க்கடல் இல்லை; ஆயினும் வெப்பக்கடல் ஒன்று உண்டு. குளிர்ந்த சோலையன்றி வேறிடத்தில் வாழ மாட்டாத உயிர்களுக்குக் கீழேயுள்ள வெம்மைமிக்க சமவெளி கடலினும் கடத்தற்கு அரிது. இது பற்றியே அறிஞர் இம்மலைமுடிகளை வான்தீவுகள் என அழைக்கின்றனர்.

இத்தீவுகளைப் பிரிக்கும் இடைவெளிகளுள் பெரியது பாலக்காட்டுக் கணவாய். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே, 30 கிலோமீட்டருக்குக் குறையாத அகலத்தில் அது தாழ்ந்து கிடக்கின்றது. தெற்கே செங்கோட்டைக் கணவாய் உளது. அகலத்தில் அது மிகச் சிறியது. இவ்விரண்டு இடைவெளிகளும் உயிர்களின் வரலாற்றில் எத்துணைப் பெருமாறுதலை விளைத்தன என்பதை இரண்டு சிறு பறவைகளின் கதை எடுத்துக்காட்டும்.

கோடைக்கானலில் 1845-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டுச் சமயத் தொண்டர்கள் முதன்முதலாக வீடுகள் அமைத்தனர். பின்னர் அங்கு வந்து தங்கியவர்களுள் சாமுவேல் பேர்பாங்கு என்பவர் ஒருவர். அவர் மராத்திய நாட்டில் சமயப் பணி ஆற்றியவர். பறவைகளிடத்தும் செடிகொடிகளிடத்தும் நீங்காத ஈடுபாடு உடையவர். 1860-களில் அவர் பழனிமலைச் சோலைகளில் திரிந்து, அதுவரை எந்நூலிலும் எழுதப்படாத பறவைகள் சிலவற்றைக் கண்டார். அவற்றின் உடலைப் பாடம் செய்து, நிலப்பொதியியல் துறையைச் சார்ந்த வில்லியம் பிளான்போர்டு என்னும் அறிஞருக்கு அளித்தார். பிளான்போர்டு அவற்றை ஆராய்ந்து, புதிய இனங்கள் என உலகுக்கு அறிவித்தார். அவற்றுள் ஒன்றுக்குப் பேர்பாங்கின் பெயரையே சூட்டினார்.

அப்பெயர் பெற்ற பறவை சிரிப்பான் வகையைச் சார்ந்தது. மைனாவினும் சற்றுச் சிறியது. சாம்பல்நிற மார்பும், கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவமும், செம்பழுப்பு வயிறும் உடையது. இணையாகவும் கூட்டமாகவும் புதர்களிடையே திரிந்து, பழங்களையும் பூச்சிகளையும் தின்னும். அதன் கூக்குரல் சிரிப்பொலி போன்று சோலையெங்கும் எதிரொலிக்கும். நீலகிரியிலும் ஒரு சிரிப்பான் உண்டு. ஆயின் அதற்கு மார்பும் செம்பழுப்பு நிறமே.

மற்றொரு பறவை, உருவில் சிட்டுக்குருவியை ஒத்தது. கருநீல உடலும் வெள்ளை வயிறும் உடையது. சோலையின் அடியில், இருள் கவிந்த புதர்களிடையே தத்தித் திரிந்து புழு பூச்சிகளைத் தின்னும். நீலகிரியில் இதன் உறவினமாகிய ஒரு பறவை வாழ்கின்றது. அதற்கு விலாப்புறம் செம்பழுப்பு நிறமுடையது. நெடுங்காலம் இவற்றுள் சில ஒரே இனத்தின் வேறுபாடுகளே என எண்ணப்பட்டு வந்தன.

அவ்வெண்ணத்தைப் புதிய ஆராய்ச்சி மாற்றியது. வி. வி. இராபின் முதலான ஆராய்ச்சியாளர் மேற்குத் தொடர்ச்சி மலையின் முடிகள்தோறும் சென்றனர். மெல்லிய வலை கட்டிப் பறவைகளை ஊறின்றிப் பிடித்து, ஒரு துளி இரத்தம் எடுத்துக்கொண்டு மீளப் பறக்க விட்டனர். அத்துளியில் உள்ள மரபுப் பொருளை ஒப்பிட்டு அவற்றின் உறவுமுறையைக் கணித்தனர். 2017-ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாராய்ச்சி, பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள பறவைகள் பல இலட்சம் ஆண்டுகளாகக் கலப்பின்றிப் பிரிந்து வாழ்வன எனக் காட்டியது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே வாழ்வனவும் தனி இனங்களே எனத் தெளிந்தது. நீலப் பறவைகளுக்குச் சோலிகோலா என்னும் புதிய பேரினப் பெயர் அமைந்தது. சோலையில் வாழ்வது என்பது அதன் பொருள். தமிழ்ச்சொல் ஒன்று, இலத்தீன் சொல்லோடு கைகோத்து, பறவையின் பெயராய் உலகெங்கும் வழங்குதல் மகிழ்தற்குரியதன்றோ!

சிறகுடைய பறவைக்கு முப்பது கிலோமீட்டர் ஒரு தொலைவா என்று ஐயுறுதல் இயல்பே. ஆயின் எல்லாச் சிறகும் ஒரே வினைக்கு அமைந்தனவல்ல. புதரடியில் வாழும் இப்பறவைகளின் சிறகுகள் குறுகியவை. கிளைக்குக் கிளை தாவுதற்குப் பொருந்துவன. நெடுந்தொலை பறத்தற்கு ஏற்றனவல்ல. மேலும், நிழலும் ஈரமும் இன்றி வெயில் எறிக்கும் வெளியில் அவற்றுக்கு இரையும் இல்லை. ஒதுங்க இடமும் இல்லை. எனவே அவை சோலையின் ஓரத்திலேயே திரும்பிவிடுகின்றன. வலிய சிறகுடைய காட்டுப்புறாவோ பழம் தேடித் தொலைவு செல்ல வல்லது. ஆகவே நீலகிரியிலும் தென்மலைகளிலும் வாழும் புறாக்கள் ஒரே இனத்தனவாக உள்ளன. கணவாய் எல்லா உயிர்க்கும் ஒரே அளவில் தடையாவதில்லை என்பது இதனால் விளங்கும். உயிரின் இயல்பும் இடத்தின் இயல்பும் சேர்ந்தே பரவலின் எல்லையை வகுக்கின்றன.

இதனினும் நுணுகி அறியத்தக்கது ஒன்று உண்டு. தீவில் வாழும் உயிர்க்கு வளம் இருக்கலாம். ஆயின் புகலிடம் வேறில்லை. காகம் ஓர் ஊரை விட்டு மற்றோர் ஊர் செல்லும். பழனிமலைச் சோலை அழிந்தால் வெள்ளை வயிற்று நீலப்பறவை எங்கே செல்லும்? அதன் உலகம் பழனிமலையும் அதனோடு இணைந்த சில மலைகளும் மட்டுமே. அத்தீவு எத்துணைச் சுருங்குகிறதோ அத்துணை அதன் வாழ்வும் சுருங்கும்.

அத்தீவு சுருங்கி வருதல் உண்மையே. ஆங்கிலேயர் காலத்தில் புல்வெளியைப் பயனற்ற வெற்றிடம் எனக் கருதினர். விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் பிற தேவைகளுக்கும் என ஆஸ்திரேலிய நாட்டுத் தைலமரமும் வாட்டில் மரமும் கொணரப்பட்டன. பைன் மரங்களும் நடப்பட்டன. நாடு விடுதலை பெற்ற பின்னரும் இவ்வழக்கம் தொடர்ந்தது. மரம் நடுதல் அறம் என்னும் நல்லெண்ணமும் அதில் கலந்திருந்தது. ஆயின் மரமில்லாத இடம் யாவும் பாழிடம் அன்று. நீலகிரியின் சதுப்புமண்ணை ஆராய்ந்தோர், அங்குள்ள புல்வெளி மாந்தர் காட்டை வெட்டியதனால் உண்டானதன்று, பல்லாயிரம் ஆண்டுத் தொன்மை உடையது எனக் கண்டனர். பழனிமலைப் புல்வெளி நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரு பங்கு மறைந்தது என 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகின்றது. மரத்தோட்டமும் வேளாண்மையும் அவ்விடத்தைக் கவர்ந்துகொண்டன.

புல்வெளி மறைந்தால் புல் மட்டுமா மறையும்? பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை மலையை நீலமாக்கும் குறிஞ்சி, அப்புல்வெளியில் பூப்பது. 2006-லும் 2018-லும் பூத்த அது, மறுமுறை 2030-இல் பூத்தல் வேண்டும். புல்லிடையே கூடு கட்டும் நீலகிரி நெட்டைக்காலி என்னும் சிறு பறவை மரத்தோட்டத்தில் வாழாது. தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாடு மேய்வதும் புல்வெளியிலேயே. மழைநீரை ஈர்த்துத் தேக்கிக் கோடையிலும் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக அளிப்பது சோலையும் புல்லும் சேர்ந்த மலைமுகடே. அமராவதிக் கரையிலும் வைகைக் கரையிலும் ஏர் பிடிப்போர் அம்முகட்டைக் கண்ணால் காணாதிருக்கலாம். ஆயினும் அவர்தம் வாழ்வும் அதனைச் சார்ந்ததே.

காக்கும் முயற்சியும் நடைபெறாமல் இல்லை. செண்பகனூரில் 1895-இல் நிறுவப்பெற்ற திரு இருதயக் கல்லூரியின் துறவியர், பழனிமலையின் செடிகளையும் உயிர்களையும் தலைமுறைதோறும் தொகுத்துக் காத்தனர். 2013-ஆம் ஆண்டில் இம்மலைக்காட்டின் பெரும்பகுதி கோடைக்கானல் வனவுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 600 சதுரக் கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. அயல்மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் பணியும் சில இடங்களில் நடைபெறுகின்றது. அப்பணியிலும் ஆராய்ந்து செய்தல் வேண்டும். பழைய தோட்டங்கள் சிலவற்றின் நிழலில் சோலைமரக் கன்றுகள் தாமாகவே முளைத்து வளர்கின்றன. அங்கே கண்மூடி வெட்டினால் அயல்மரத்தோடு சோலைக் கன்றும் மடியும். ஆதலின் எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என இடம் அறிந்து செயல்படுதல் இன்றியமையாதது.

இடம் அறிதல் என்பதே இவ்வரலாறு முழுதும் ஊடுருவி நிற்கும் கருத்தாகும். தூண்டிலிடும் பரதவன் இடம் அறிவான். சோலைப்பறவை தன் இடம் அறிந்து அதன் எல்லை கடவாது வாழ்கின்றது. திணை வகுத்த முன்னோரும் இடத்தின் சிறப்பை அறிந்தனர். இடம் அறியாது மரம் நட்டமையால் புல்வெளி மறைந்தது. கோடைக்கானலுக்குச் செல்லும் மாணவர் ஏரியையும் அருவியையும் கண்டு மீள்வதோடு அமையாது, ஒரு சோலையின் ஓரத்தில் சிறிது பொழுது ஓசையின்றி நிற்றல் வேண்டும். புதரினுள்ளிருந்து சிரிப்பொலி போன்றதொரு குரல் எழலாம். அத்தென்மலைத் தீவையன்றி உலகில் வேறெங்கும் கேட்டற்கரிய குரல் அது. அதனை அடுத்த தலைமுறையும் கேட்குமாறு காத்தல் கற்றவர் கடனாகும்.