கனிஸ்கினாவிடம் எதைக் கற்பது?

அன்புள்ள கயல்விழிக்கு,

ஓல்கா கனிஸ்கினாவின் பந்தய வீடியோக்களைப் பார்த்துப் பழகுவதாக எழுதியிருந்தாய். ரஷ்யாவின் மொர்டோவியாவில் ஒரு சிற்றூரில் 1985இல் பிறந்தவர். சரான்ஸ்க் நகரில் கணிதம் படித்துக்கொண்டே நடைப்போட்டிக்குத் தயாரானவர். களத்தை விட்டு விலகி இத்தனை ஆண்டுகள் ஆகியும் உன்னைப் போன்ற பிள்ளைகள் அவரைத் தேடுகிறார்கள் என்றால், அந்த நடையின் அழகுதான் காரணம்.

2008 ஆகஸ்ட் 21, பெய்ஜிங் ஒலிம்பிக். மழையில் ஆரம்பத்திலேயே முன்னேறியவரைக் கடைசிவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. 20 கிலோமீட்டரை 1 மணி 26 நிமிடம் 31 விநாடியில் முடித்தார். இரண்டாவதாக வந்தவர் 36 விநாடி பிந்தினார். அந்தப் பந்தயத்தை நிறுத்தி நிறுத்திப் பார். குதிகால் தரையில் படும்போதே முழங்கால் நேராகிவிடுகிறது. உடல் அந்தக் காலுக்கு நேர் மேலே வரும்வரை அது மடங்குவதில்லை. நடுவர்கள் வெறும் கண்ணால்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். அவர்களுக்குச் சந்தேகமே வராதபடி நடக்க நீயும் பழகு.

ஆனால் மீதிக் கதையையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ரத்தப் பரிசோதனைப் பதிவுகளில் ஊக்கமருந்தின் அறிகுறி தெரிந்ததால் 2015இல் அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றத்தின் தீர்ப்பால் 2009, 2011 உலகச் சாம்பியன் பட்டங்களும் லண்டன் ஒலிம்பிக் வெள்ளியும் போயின. ஆனால் பெய்ஜிங் தங்கம் அவர் பெயரிலேயே நிற்கிறது. அவருடைய பயிற்சியாளர் விக்டர் செகினுக்கு ஆயுள் தடை. செகினிடம் பயின்ற வேறு பலரும் அதே குற்றத்துக்காகத் தடை பெற்றார்கள்.

பெர்லினில் நடந்த அந்த 2009 உலகச் சாம்பியன் போட்டியில் இரண்டாவதாக வந்த அயர்லாந்தின் ஆலிவ் லாக்னேனையும் நினைத்துப் பார். தங்கம் அவர் கைக்கு வந்தது 2016இல். அதற்குள் அவர் ஓய்வே பெற்றுவிட்டார். அரங்கம் எழுந்து நிற்கத் தன் நாட்டுக் கீதம் ஒலிப்பதைக் கேட்கும் அந்த நாளை யாரால் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியும்? ஊக்கமருந்து சாப்பிட்டவர் கெடுப்பது தன் பெயரை மட்டுமல்ல, பக்கத்தில் நேர்மையாக நடந்தவரின் வாழ்நாள் உழைப்பையும்தான்.

புகழ் நிலைப்பதை வைத்து ஒருவர் செய்ததெல்லாம் சரி என்று எண்ணிவிடாதே அம்மா. கனிஸ்கினாவின் காலசைவைக் கற்றுக்கொள். அவரைச் சுற்றியிருந்த பழக்கத்தைக் கற்காதே. பயிற்சியாளருக்கு மரியாதை கொடு. ஆனால் அவர் தரும் மாத்திரை, ஊசி, புரோட்டீன் பவுடர் எதுவானாலும் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதி வை. தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று விளையாட்டு மருத்துவரிடம் விசாரி. "எனக்குத் தெரியாது, அவர்தான் கொடுத்தார்" என்றால் விதி உன்னை விட்டுவிடாது. உன் உடம்பில் இருப்பதற்கு நீயே பொறுப்பு.

பதக்கம் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை. பெயர் தெரியாத எதையும், யார் கொடுத்தாலும், வாயில் போடாதே.

அன்புடன்,
பெரியப்பா