வெட்கத்தால் மருந்து தாமதமாக வேண்டாம்



வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒரு நோயைப் பற்றி இந்த இதழில் பேசுகிறோம். பிறப்புறுப்பில் சிறு கொப்புளங்கள் தோன்றி, உடைந்து, எரிச்சலுடன் புண்ணாகும் ஹெர்பிஸ்தான் அது. இந்த வைரஸ் உடலில் புகுந்தால் நரம்பில் தங்கிவிடும், அவ்வப்போது தலைதூக்கும். அடியோடு நீக்கும் மருந்து இல்லை. கட்டுப்படுத்தும் மருந்து உண்டு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இது பல ஆண்டுகள் அறிகுறியே இல்லாமல் இருக்கலாம். உதட்டோரக் கொப்புளத்தை உண்டாக்கும் வகையும் பிறப்புறுப்புக்குப் பரவும். ஆகவே இன்று புண் வந்துவிட்டது என்பதற்காகக் கணவனோ மனைவியோ ஒருவர் மீது ஒருவர் பழி சுமத்த வேண்டாம்.

எந்த மருந்து?

அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர், ஃபாம்சிக்ளோவிர் ஆகிய மூன்று மாத்திரைகள் உள்ளன. பலனில் பெரிய வேறுபாடு இல்லை. அசைக்ளோவிர் பழைய மருந்து, விலை குறைவு, பொதுவாக அதிக வேளை சாப்பிட வேண்டும். வாலசைக்ளோவிர் உடலுக்குள் அசைக்ளோவிராகவே மாறுகிறது, வேளைகள் குறைவு. மேலே தடவும் களிம்பால் அதிகப் பயன் இல்லை.

எப்படிச் சாப்பிடுவது?

1. முதல் தடவை வந்தால்: பெரும்பாலும் 7 முதல் 10 நாட்கள்.

2. மீண்டும் வந்தால்: மருந்துக்கேற்ப 1 முதல் 5 நாட்கள். ஊறல், குறுகுறுப்பு தொடங்கிய அன்றே, அல்லது கொப்புளம் கண்ட ஒரு நாளுக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். அதனால் மருத்துவரிடம் முன்கூட்டியே சீட்டு வாங்கி, மாத்திரையை வீட்டில் வைத்திருப்பது நல்லது.

3. அடிக்கடி வந்தால்: தினமும் சாப்பிடும் முறை உண்டு. தினம் 500 மில்லிகிராம் வாலசைக்ளோவிர் சாப்பிட்டால் துணைக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறையும், முற்றிலும் நீங்காது. புண் இருக்கும் நாட்களில் உறவைத் தவிர்க்க வேண்டும்.

நோன்புக் காலத்தில்

மருத்துவரிடம் நோன்பைச் சொல்லுங்கள். மீண்டும் வரும் புண்ணுக்கு, ஸஹரிலும் நோன்பு திறந்த பின்பும் என இரு வேளை சாப்பிடும் முறையைத் தேர்ந்தெடுக்க முடியும். இரவில் தண்ணீர் நிறையக் குடியுங்கள். காய்ச்சலும் கடும் வலியுமாக இருப்பவர் நோன்பை விட்டுப் பின்னர் களா செய்ய மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

கட்டாயம் சொல்ல வேண்டியவை

சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். கர்ப்பிணிகள் மறைக்கவே கூடாது. பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்தாகலாம். 36 வாரத்திலிருந்து மாத்திரை கொடுத்து அந்த ஆபத்தைக் குறைக்கிறார்கள்.

கடையில் கேட்டு நீங்களே வாங்கிச் சாப்பிடாதீர்கள். மேகப்புண் போன்ற வேறு நோய்க்கு மருந்தே வேறு, பரிசோதித்தால்தான் தெரியும். அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவில் ஆலோசனையும் சிகிச்சையும் இலவசம்.

நோய் வந்தால் மருத்துவம் தேடுவது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.