கரிச்சேறும் எங்கள் ஏரியும்

முடிச்சூர் ஏரியில் ஆகாயத்தாமரை மண்டினால், “தண்ணீர் செழிப்பு” என்பார் அப்பா. அது சாக்கடையின் நைட்ரஜனும் பாஸ்பரசும் தரும் செழிப்பு என்பதைக் கல்லூரியில்தான் அறிந்தேன்.

நீலகிரிப் பள்ளத்தாக்குச் சதுப்புகளுக்கும் இச்சத்துகள் பகையே. அங்கே நீரில் மூழ்கிய தாவரங்கள், பிராணவாயு கிட்டாமல் முழுதும் மக்காது கரிச்சேறாகப் படிந்துள்ளன. அதன் கார்பனை ஆராய்ந்து, 20,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பருவநிலை வரலாற்றை 1993-இல் ஆர். சுகுமார் குழுவினர் வெளியிட்டனர்.

வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் காற்று புகும். கரிச்சேறு மக்கிக் கரியமில வாயுவாகும். உரச்சத்து சேர்ந்தால் களை பெருகும், சிதைவும் விரையும். வடிகால்களை அடைத்தல், நீர் உறிஞ்சும் சீகை மரங்களை அகற்றுதல், உரநீரைத் தடுத்தல் ஆகியவையே பரிகாரம்.

அப்பாவிடம் சொன்னேன். “அப்போ முதலில் சாக்கடையை அடைக்கணும்” என்றார். பாடத்தின் சாரம் அதுவே.