எள்ளளவு நத்தைகள்

ஜெர்மனி நாட்டின் தென்பகுதியில் சுவேபிய ஆல்பு என்னும் மேட்டுநிலம் உள்ளது. அது சுண்ணாம்புப் பாறையால் ஆயது. அங்குப் பெய்யும் மழைநீர் நிலத்தின்மேல் நில்லாது, பாறை வெடிப்புகளில் இறங்கி, இருண்ட வழிகளில் ஓடி, அடிவாரத்தில் ஊற்றாக வெளிப்படும். கதிரவன் ஒளி ஒருநாளும் புகாத அந்நீரிலும் உயிர்கள் வாழ்கின்றன என்பது வியப்பன்றோ! அவற்றுள் ஒன்று எள்ளளவே உள்ள நத்தை. அதற்குக் கண் இல்லை. உடலில் நிறமும் இல்லை. இருளில் அவை எதற்கு? அதன் ஓடு கண்ணாடி போன்றது. இலத்தீனில் ‘விட்ரம்’ என்பது கண்ணாடி. அதனால் முன்னாளில் இதனை விட்ரெல்லா என வழங்கினர். இன்று வழங்கும் பேரினப் பெயர் பிதியோஸ்பியம் என்பது. 1882ஆம் ஆண்டில் அப்பெயரை இட்டவர் பூர்கிஞா என்னும் பிரெஞ்சு அறிஞர். சிறு வேற்றுமை கண்டாலும் புதுப்பெயர் சூட்டிவிடும் இயல்பினர் அவர்!

உயிருள்ள நத்தையைக் காண்பது அரிது. பாறை வெடிப்பினுள் யார் புகவல்லார்? ஆகவே, ஆய்வாளர் ஊற்றுவாயிலுள்ள மணலை அள்ளி உலர்த்தி, மீண்டும் நீரில் இடுவர். மணல் அமிழும், காற்று நிறைந்த வெற்றோடுகள் மிதக்கும். அவற்றை மெல்ல எடுத்து நுண்பெருக்கியின்கீழ் வைத்து நோக்குவர். உயரம் எவ்வளவு, சுருள்கள் எத்தனை, அவற்றிடையே உள்ள பள்ளம் ஆழமானதா, வாய் வட்டமா, உதடு வளைந்துள்ளதா என்றெல்லாம் அளந்து குறிப்பர். ஓர் ஊற்றின் ஓடு மெலிந்து நீண்டிருக்கும். மற்றோர் ஊற்றின் ஓடு பருத்துக் குறுகியிருக்கும். வடிவம் வேறாயின் இனமும் வேறு எனக் கொண்டு அறிஞர் பெயரிட்டனர். பெயர்கள் பெருகின.

ஆயினும், ஓர் ஊற்றில் எடுத்த ஓடுகளையே வரிசையாக அடுக்கினால் மெலிந்தனவும் பருத்தனவும் இடைப்பட்டனவும் கலந்து நிற்கும். எங்கே கோடு கிழிப்பது? 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு வழி காட்டிற்று. ஆய்வாளர் நத்தைகளின் மரபணுக்களை ஒப்பிட்டனர். தனி இனங்கள் எனக் கருதப்பட்ட பல, ஒரே இனத்தின் வேற்றுருவங்களே எனத் தெரிந்தது. பட்டியல் மிகச் சுருங்கிற்று.

இது வெறும் பெயர்ச் சண்டை அன்று. ஓர் இனம் ஒரே ஊற்றில்தான் உண்டு என்றால், அவ்வூற்று நஞ்சுபட்ட அன்றே அவ்வினமும் அழியும். பல ஊற்றுகளில் பரவியிருப்பின் நிலைமை வேறு. எதனை முதலில் காப்பது என்பது இனத்தைச் சரியாக அறிவதைப் பொறுத்தது. மேலும், ஒன்றுபோல் தோன்றும் ஓடுகளுக்குள் வெவ்வேறு இனங்கள் மறைந்திருப்பதும் சிறு நத்தைகளிடையே உண்டு.

வெற்றோடு மட்டுமே கிடைத்த இடங்களும் உள. அங்கே ஒப்பிட உடல் இல்லை. அவ்வோடுகளின் பெயர்கள் இன்றும் சுருளையும் வாயையும் நம்பியே நிற்கின்றன.