குதிரை இல்லாதவன்

அன்புள்ள தம்பிக்கு,

உன் நாவலின் கைப்பிரதியை இரண்டு முறை படித்துவிட்டேன். அதில் இரண்டு பணக்காரர்கள் வருகிறார்கள். ஒருவர் மூன்று தலைமுறை மில் முதலாளி. இன்னொருவர் லாரி கிளீனராகத் தொடங்கி நாற்பது லாரிக்குச் சொந்தக்காரர் ஆனவர். இருவருக்கும் ஒரே மாதிரி கார், ஒரே மாதிரி பங்களா, ஒரே மாதிரி அதட்டல். பெயரை மறைத்தால் யார் எவர் என்று எனக்குப் பிடிபடவில்லை. பணத்தை எழுதியிருக்கிறாய், அது வந்த வழியை எழுதவில்லை.

ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி'யைக் கல்லூரியில் படித்ததாகச் சொன்னாய். மறுபடி படி. காதலை இந்த முறை விட்டுவிடு. யார் தன் சொத்துக்குக் கணக்குச் சொல்கிறார்கள், யார் சொல்வதில்லை என்று மட்டும் பார்த்துக்கொண்டு போ.

கதை நடப்பது 1922 கோடையில், நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில். குடாவுக்கு அந்தப் பக்கம் ஈஸ்ட் எக், பரம்பரைப் பணம். இந்தப் பக்கம் வெஸ்ட் எக், புதுப்பணம். சிகாகோ பணக்காரன் டாம் புக்கானன் கிழக்கே குடிவந்தபோது போலோ ஆடும் குதிரைகளை மந்தையாகக் கொண்டுவந்தவன். கல்யாணத்துக்கு முந்தின நாள் மணப்பெண் டெய்ஸிக்கு அவன் கொடுத்த முத்துமாலையின் மதிப்பு 3,50,000 டாலர். இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? நாவலில் ஒருவரும் கேட்பதில்லை, ஆசிரியரும் சொல்வதில்லை. வெஸ்ட் எக்கில் வாழும் கேட்ஸ்பியின் நிலைமை வேறு. அவன் வீட்டு விருந்துக்கு அழைக்காமலே வந்து, அவன் மதுவையே குடித்துக்கொண்டு, கொலை செய்தவனாம், ஜெர்மன் உளவாளியாம் என்று கிசுகிசுக்கிறார்கள்.

அவனுக்கும் இது தெரியும். அதனால் யாரும் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறான். காரில் போகும்போது, கதை சொல்லும் நிக் கேரவேயிடம், தான் வசதியான குடும்பத்துப் பிள்ளை, எல்லாரும் இறந்து சொத்து தனக்கு வந்தது என்கிறான். அடுத்த அத்தியாயத்தில் வாய் தவறி, இந்த வீட்டை வாங்கும் பணத்தைச் சம்பாதிக்க மூன்று வருஷம் ஆயிற்று என்று பெருமைப்படுகிறான். பரம்பரைச் சொத்து என்றாயே என்று நிக் கேட்டதும் தடுமாறி, அதில் பெரும்பகுதி போர்க்கால நெருக்கடியில் போய்விட்டது என்று சமாளிக்கிறான். எனக்கு இந்த நாவலில் மிகவும் பிடித்த பொய் இதுதான். தானே சம்பாதித்ததைப் பாட்டன் சொத்து என்று காட்ட வேண்டியிருக்கிறது அவனுக்கு. அமெரிக்கா தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை இதற்கு நேர் எதிரானது.

உழைத்துச் சம்பாதித்தவன் என்று அவனை ரொம்பவும் கொண்டாடிவிடாதே. மதுவிலக்குக் காலத்தில் மருந்துக்கடைகள் வழியே சாராயம் விற்ற பணம் அது. நேர்வழியில் வரவேண்டிய ஒரு தொகையும் இருந்தது. டான் கோடி என்ற செல்வந்தர் தன் படகில் வேலை பார்த்த இளம் கேட்ஸ்பிக்கு 25,000 டாலர் உயிலில் எழுதிவைத்தார். சட்டத்தின் ஏதோ ஒரு பொறியால் அது கைக்கு வரவில்லை. வாரிசாக அவனுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பும் இப்படித்தான் போனது.

ஆறாம் அத்தியாயத்தில் ஒரு சின்னக் காட்சி வரும், வேகமாகப் படித்தால் தவறிவிடும். குதிரையில் உலாப் போன டாமும் இரண்டு நண்பர்களும் கேட்ஸ்பி வீட்டில் இறங்குகிறார்கள். அவன் பரபரக்கிறான். உட்காருங்கள், சிகரெட் எடுத்துக்கொள்ளுங்கள், என்ன குடிக்கிறீர்கள்? வந்தவர்களில் ஒரு பெண், சாப்பாட்டுக்கு வாருங்களேன் என்கிறாள். அது வாய்வார்த்தை என்று அவளோடு வந்தவர்களுக்குத் தெரியும், நிக்குக்கும் தெரியும். கேட்ஸ்பிக்குத் தெரியவில்லை. என்னிடம் குதிரை இல்லை, காரில் பின்னால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறான். தொப்பியும் மேல்கோட்டும் கையில் எடுத்துக்கொண்டு அவன் வாசலுக்கு வரும்போது அவர்கள் மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டார்கள். கார், கடல்விமானம், நீச்சல்குளம் எல்லாம் வைத்திருப்பவன் அவன். எந்த அழைப்பை மறுக்க வேண்டும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. அது கடையில் வாங்கும் சாமான் இல்லை.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. அதை முதலில் சொன்னவன் ஏற்கெனவே குடை வைத்திருந்தவனாகத்தான் இருக்கவேண்டும். கேட்ஸ்பியின் இளஞ்சிவப்பு சூட்டைப் பார்த்து டாம் முகம் சுளிப்பதும் அதே குரல்தான்.

ஆனால் அந்தப் பழைய குடை எப்படி வந்தது? ஃபிட்ஸ்ஜெரால்ட் இதை ஓரத்தில், கிட்டத்தட்டப் போகிற போக்கில் வைக்கிறார். நிக்கின் குடும்பம், ஸ்காட்லாந்துப் பிரபுக்களின் வம்சம் என்று சொல்லிக்கொள்ளும். உண்மையில் அவர்கள் இரும்புச் சாமான் மொத்த வியாபாரிகள். தொழிலைத் தொடங்கிய பாட்டனாரின் அண்ணனோ தம்பியோ, உள்நாட்டுப் போருக்குத் தான் போகாமல் கூலிக்கு வேறொருவனை அனுப்பிவிட்டு ஊரில் இருந்தவர். 1863-ன் படைச்சேர்ப்புச் சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. இரண்டே தலைமுறையில் அது கௌரவமான குடும்பம். கேட்ஸ்பியின் மாளிகையைக் கட்டியவரும் ஒரு பீர் ஆலைக்காரர். பக்கத்துக் குடிசை வீட்டுக்காரர்கள் கூரைக்கு வைக்கோல் வேய்ந்தால் ஐந்து வருஷ வரியைத் தானே கட்டுவதாகச் சொல்லிப் பார்த்தார். அவர்கள் மசியவில்லை. அவர் செத்து, வாசலில் துக்க வளையம் தொங்கும்போதே பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். வாரிசுகளைப் பற்றி இதற்குமேல் ஒரு அத்தியாயம் எழுதவேண்டுமா என்ன?

இந்தக் கண் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு வீட்டிலேயே வாய்த்தது. தாய்வழித் தாத்தா மளிகை மொத்த வியாபாரத்தில் பொருள் சேர்த்தவர். அப்பா, மகனுக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது வேலை இழந்தவர். பிறகு குடும்பம் தாத்தாவின் பணத்தில் நடந்தது.

தொழில் விஷயம் ஒன்று. 1924-ல் இந்த நாவலின் கையெழுத்துப் பிரதியைப் படித்த பதிப்பாசிரியர் மேக்ஸ்வெல் பெர்கின்ஸ், கேட்ஸ்பி மங்கலாகத் தெரிகிறான், பணம் எப்படி வந்தது என்பதற்கு அங்கங்கே குறிப்பாவது வேண்டும் என்று எழுதினார். ஃபிட்ஸ்ஜெரால்ட் அச்சுப்படிகளிலேயே திருத்தி எழுதினார். எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு தயக்கம், உன் வியாபாரம் என்ன என்று நிக் கேட்டதும் சட்டென்று எரிந்துவிழும் ஒரு பதில், அவ்வளவுதான்.

உன் மூன்றாம் அத்தியாயத்தில் மில் முதலாளி லாரிக்காரரைத் தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்கிறார். பத்திரிகையை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாரா, ஆள்விட்டு அனுப்பினாரா என்று நீ எழுதவேயில்லை. அதை முதலில் எழுதி அனுப்பு. காரின் நிறம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அண்ணன்